விரிசல் வளர்ச்சியும் ஆயுட்கணக்கும்

ஓர் இரும்புக் கம்பியை ஒரே இழுப்பில் அறுப்பதற்குப் பெரும் விசை வேண்டும். அதே கம்பியைக் கையால் முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால், சிறு முயற்சியிலேயே அது ஒடிந்துவிடுகிறது. பள்ளிச் சிறுவரும் அறிந்த இவ்வுண்மையே பாலங்கள், தண்டவாளங்கள், ரயில் இருசுகள், ஆகாய விமான இறக்கைகள் ஆகியவற்றின் ஆயுளை நிர்ணயிக்கிறது. இவை தாங்கும் பாரம் ஒவ்வொரு தடவையும் இவற்றின் வலிமைக்கு உட்பட்டதாகவே இருக்கும். ஆயினும் அப்பாரம் இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும்போது, கண்ணுக்குப் புலப்படாத விரிசல் ஒன்று தோன்றி, மெல்ல வளர்ந்து, ஒருநாள் திடீரென முறிவில் முடிகிறது. இதனை உலோக அயர்வு என்பர். மனிதனின் அயர்வு ஓய்வினால் தீரும். உலோகத்தின் அயர்வு தீர்வதில்லை.

விரிசல் தோன்றிவிட்டது என்று அறிவதைக் காட்டிலும், அது எவ்வளவு காலத்தில் அபாய நிலையை அடையும் என்று அறிவது முக்கியம். ஏனெனில், எல்லா விரிசல்களும் உடனே ஆபத்தானவை அல்ல. அவ்வாறே எவ்விரிசலையும் அலட்சியம் செய்வதற்கும் இல்லை. பாரம் ஒரே அளவாக ஏறி இறங்குமாயின் இக்கணக்கு ஓரளவு எளிது. நடைமுறையில் பாரம் அவ்வாறு இருப்பதில்லை. பெரியதும் சிறியதும் கலந்து வரும் பாரங்களின் கீழ் விரிசலின் வளர்ச்சியை எங்ஙனம் கணிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிரச்சினை எழுந்த வரலாறு

ஜெர்மனியிலுள்ள கிளௌஸ்தால் சுரங்கப் பகுதியில் ஆல்பர்ட் என்ற அதிகாரி 1829-ஆம் ஆண்டில் பளு தூக்கும் சங்கிலிகளைத் திரும்பத் திரும்பப் பளுவேற்றிச் சோதித்தார். உலோக அயர்வைப் பற்றிய முதற் பரிசோதனைகளில் இது ஒன்றாகும். 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், வெர்சேயிலிருந்து பாரிஸ் நகருக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் இருசு முறிந்ததால் நேர்ந்த விபத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நல்ல இரும்பினால் ஆன இருசு ஏன் முறிந்தது என்ற கேள்வி அதன்பின் ஐரோப்பியப் பொறியாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

இக்கேள்விக்கு முறையான விடை தேடியவர் பிரஷ்ய ரயில்வேயைச் சேர்ந்த ஔகுஸ்ட் வோலர். அவர் 1850-களிலும் 1860-களிலும் இருசுகளைச் சுழற்றிச் சோதிக்கும் யந்திரங்களை அமைத்து, இரண்டு உண்மைகளை நிலைநாட்டினார். உலோகம் எத்தனை சுற்றுகள் தாங்கும் என்பது பாரத்தின் உச்ச அளவை மட்டுமன்றி, அது ஏறி இறங்கும் வீச்சையும் முக்கியமாகப் பொறுத்தது என்பது ஒன்று. வீச்சு குறையக் குறைய ஆயுள் மிக வேகமாக நீள்கிறது என்பது மற்றொன்று. ஆனால் வோலரின் முறை, குறையற்ற புதிய உறுப்பு எப்போது முறியும் என்பதையே கூறிற்று. ஏற்கெனவே விரிசல் கண்ட உறுப்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது கூறவில்லை.

விரிசல் வளரும் விதம்

அயர்வினால் முறிந்த உறுப்பின் முகத்தைக் கூர்ந்து நோக்கினால், அதில் இரு பகுதிகள் தெரியும். ஒன்று வழுவழுப்பாக, கடற்கரை மணலில் அலைகள் விட்டுச்சென்ற கோடுகளைப் போன்ற வளைவுகளுடன் இருக்கும். அது விரிசல் மெல்ல வளர்ந்த பகுதி. மற்றது கரடுமுரடாக இருக்கும். எஞ்சிய உலோகம் பாரத்தைத் தாங்கமாட்டாமல் கடைசியில் ஒரே தடவையில் முறிந்த பகுதி அது. வளைவுகள் யாவும் ஒரு புள்ளியைச் சூழ்ந்து அமைந்திருக்கும். அப்புள்ளியே விரிசல் பிறந்த இடம். பெரும்பாலும் அது துளையின் விளிம்பாகவோ, கூரிய மூலையாகவோ, பற்றவைப்பின் ஓரமாகவோ, துருப்பிடித்த குழியாகவோ இருக்கும்.

அலுமினியக் கலப்புலோகங்களின் முறிவு முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், மிக நுண்ணிய வரிகள் அடுத்தடுத்துத் தோன்றும். தக்க நிலைமைகளில் ஒவ்வொரு வரியும் ஒரு பாரச் சுற்றில் விரிசல் முன்னேறிய தூரத்தைக் குறிக்கும். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்றே, உலோகமும் தன் வரலாற்றைத் தன்னுள்ளே எழுதி வைக்கிறது.

பாரிஸ் கண்ட விதி

விரிசலின் வளர்ச்சியைக் கணக்கிற்கு உட்படுத்தியவர் அமெரிக்கப் பொறியாளர் பால் பாரிஸ். கண்ணாடி முதலிய பொருள்களில் விரிசல் ஏன் பரவுகிறது என்பதை 1920-ஆம் ஆண்டில் கிரிஃபித் விளக்கியிருந்தார். விரிசலின் நுனியில் உண்டாகும் தகைவின் தீவிரத்தை ஒரே எண்ணால் குறிக்கும் முறையும் பின்னர் உருவாயிற்று. தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பின்மீது செயற்படும் உள்விசை. பாரம் கூடினாலும், விரிசல் நீண்டாலும் நுனியிலுள்ள தீவிரம் கூடும். இத்தீவிரத்தின் வீச்சே ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று பாரிஸ் கூறினார். இக்கருத்தை முன்னணிச் சஞ்சிகைகள் முதலில் ஏற்க மறுத்தன. 1961-ஆம் ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பத்திரிகை ஒன்றில் அது வெளியாயிற்று. இன்று உலகெங்கும் பொறியாளர்கள் அதனைக் கையாளுகின்றனர்.

விதியின் உட்பொருள் எளிது. ஒரு சுற்றில் விரிசல் வளரும் தூரம், தீவிரத்தின் வீச்சை ஒரு குறிப்பிட்ட படிக்கு உயர்த்திய அளவுக்கு ஏற்ப மாறுகிறது. பாலங்களுக்குப் பயன்படும் சாதாரண உருக்கிற்கு இப்படி ஏறத்தாழ மூன்று. எனவே பாரத்தின் வீச்சு இருமடங்கானால், வளர்ச்சி இருமடங்கன்று, எட்டு மடங்கு. வீச்சு கால் பங்கு கூடினாலே வளர்ச்சி ஏறக்குறைய இரட்டிக்கிறது.

அகன்ற உருக்குத் தகடு ஒன்றில் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள விரிசல் இருப்பதாகவும், அது 8 மில்லிமீட்டராக வளர 10 இலட்சம் சுற்றுகள் ஆவதாகவும் கொள்வோம். பாரம் மாறாதிருப்பின், 8 மில்லிமீட்டர் 32 மில்லிமீட்டராக வளர எத்தனை சுற்றுகள் வேண்டும்? நான்கு மடங்கு ஆவதற்கு முன்போலவே 10 இலட்சம் என்று தோன்றலாம். கணக்கு வேறு கூறுகிறது: 5 இலட்சமே போதும். அடுத்த நான்கு மடங்கிற்கு இரண்டரை இலட்சம் போதும். விரிசல் நீள நீள, அதன் வேகமும் கூடிக்கொண்டே போகிறது.

நாளொன்றுக்கு 2,000 சுற்றுகள் வருவதாகவும், 32 மில்லிமீட்டரில் தகடு முறியும் என்றும் வைத்துக்கொண்டால், 8 மில்லிமீட்டர் விரிசலைக் கண்டபின் நமக்குள்ள அவகாசம் 250 நாட்கள். 2 மில்லிமீட்டரிலேயே கண்டிருந்தால் 750 நாட்கள். கண்டறியும் கருவியின் நுட்பம் அவகாசத்தை மும்மடங்காக்குகிறது. இதற்கு மாறாக, அத்தகட்டின்மீது வரும் பாரம் கால் பங்கு கூடிவிட்டால், 250 நாட்கள் 128 நாட்களாகச் சுருங்கிவிடும். 125 நாட்களுக்கு ஒருமுறை பார்வையிட்டு, முறிவதற்குமுன் இருமுறை காணலாம் என்று எண்ணியிருந்தவருக்கு ஒரே வாய்ப்புத்தான் மிஞ்சும். இவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்கள்; ஆனால் அவற்றிடையேயுள்ள விகிதம் மெய்யானது.

கலந்து வரும் பாரங்கள்

மேற்கூறிய கணக்கில் பாரம் ஒரே சீராக இருந்தது. மெய்யான பாரம் எத்தகையது என்று அறியப் பெங்களூரின் வடகிழக்கிலுள்ள லிங்கராஜபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே சாலை மேம்பாலம் ஒன்று இருப்புப்பாதையைக் கடந்து செல்கிறது. பாலத்தின்மேல் நகரப் பேருந்தும், மணல் ஏற்றிய லாரியும், ஆட்டோவும், இருசக்கர வண்டியும் மாறி மாறிச் செல்கின்றன. கீழேயுள்ள தண்டவாளத்தை நோக்கினால், நிறைந்த சரக்கு வண்டியின் ஒவ்வோர் இருசும் இருபது டன்னுக்கும் மேற்பட்ட பளுவுடன் கடந்து செல்லும். பயணி வண்டியின் இருசு அதனினும் இலேசானது. சக்கரத்தின் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தால், அது சுழலுந்தோறும் சம்மட்டியடி போன்ற அதிர்ச்சி உண்டாகும். நீளமாகப் பற்றவைக்கப்பட்ட தண்டவாளம் குளிர்ந்த இரவில் சுருங்க முயல்வதால், அதில் இழுவிசையும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவும் ஒரே தண்டவாளத்தில், ஒரே நாளில் நிகழ்பவை. நாட்டின் எந்தப் பாதையிலும் நிலைமை இதுவே.

இத்தகைய பாரப் பதிவிலிருந்து எத்தனை சுற்றுகள், எவ்வெவ்வளவு வீச்சில் வந்தன என்று எண்ணுவதே முதற் சிக்கல். பெரிய அலையின்மேல் சிற்றலைகள் ஏறியிருக்கும்போது எதை ஒரு சுற்று என்பது? இதற்கு ஜப்பானியர்களான மாட்சுயிஷியும் எண்டோவும் 1968-ஆம் ஆண்டில் அழகியதொரு முறையைக் கூறினர். பாரத்தின் வரைபடத்தை நேராக நிமிர்த்தி நிறுத்தினால், அது அடுக்கடுக்கான கூரைகளைக்கொண்ட கோயில் போலத் தோன்றும். கூரைமீது பெய்த மழைநீர் ஒவ்வொரு சரிவிலும் எங்கே தொடங்கி எங்கே நின்றுபோகிறது என்று பார்த்தால், சுற்றுகள் தாமாகவே பிரிந்து நிற்கும். சிற்றலைகள் தனியே எண்ணப்படும். அவற்றால் பேரலையும் துண்டிக்கப்படுவதில்லை. மழையோட்ட முறை என்று பெயர்பெற்ற இது இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது.

சுற்றுகளை எண்ணியபின் அவற்றின் தீங்கைக் கூட்ட வேண்டும். உருளைத் தாங்கிகளுக்காக 1924-ஆம் ஆண்டில் பால்ம்கிரனும், விமான உறுப்புகளுக்காக 1945-ஆம் ஆண்டில் மைனரும் கூறிய விதி இதற்கு உதவுகிறது. ஒரு வகைப் பாரத்தை உறுப்பு ஓர் இலட்சம் முறை தாங்குமென்றால், அப்பாரம் ஒருமுறை வரும்போது ஆயுளில் இலட்சத்தில் ஒரு பங்கு கழிகிறது. எல்லாப் பங்குகளையும் கூட்டி, கூட்டுத்தொகை ஒன்றை எட்டும்போது ஆயுள் முடிந்ததாகக் கொள்ளலாம். இது வீட்டுச் செலவுக் கணக்கைப் போன்றது. முதலில் பெரிய செலவு, பிறகு சிறிய செலவு என்றாலும், அதனை மாற்றிச் செய்தாலும் மொத்தம் ஒன்றே.

உலோகம் இக்கணக்கிற்குக் கட்டுப்படுவதில்லை. பெரிய பாரம் முதலில் வந்து சிறிய பாரங்கள் பின்னர் வந்தால் ஒரு விடை. சிறியவை முதலிலும் பெரியது பின்னரும் வந்தால் வேறொரு விடை. பாரங்களின் எண்ணிக்கையை மட்டுமன்றி, அவை வந்த வரிசையையும் விரிசல் நினைவில் வைத்திருக்கிறது. இதனை அறியாமையால் நேர்ந்த இழப்பிற்குக் காமெட் விமானத்தின் வரலாறு சான்று.

காமெட் விமானம் கற்பித்த பாடம்

ஜெட் எஞ்சின்களால் இயங்கிய முதல் பயணி விமானமாகிய காமெட், 1952-ஆம் ஆண்டு மே மாதம் பயணி சேவைக்கு வந்தது. 1954-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து கல்கத்தா, கராச்சி வழியாக லண்டனுக்குச் சென்ற காமெட் ஒன்று, ரோம் நகரிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் எல்பா தீவுக்கருகே வானிலேயே சிதறிற்று. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். ஏப்ரல் மாதம் 8-ஆம் நாள் மற்றொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் வீழ்ந்தது. அதில் 21 பேர் மாண்டனர். முதல் விமானம் அதுவரை செய்திருந்த பயணங்கள் ஏறக்குறைய 1,290. இரண்டாவது விமானம் செய்தவை ஏறக்குறைய 900.

உயரத்தில் பறக்கும் விமானத்தின் கூடத்தினுள் காற்றழுத்தம் ஏற்றப்படுகிறது. இறங்கியபின் அது நீங்குகிறது. ஆகவே ஒவ்வொரு பயணமும் விமான உடலுக்கு ஒரு பாரச் சுற்று. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்னுமிடத்தில் முழு விமானமொன்றைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே நீரின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். பறந்த பயணங்களும் தொட்டியில் கண்ட சுற்றுகளுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 3,060 ஆனபோது அதன் உடல் பிளந்தது. திறப்புகளின் மூலையருகே தகைவு மிகுந்திருந்ததும், அங்கே பிறந்த விரிசல் வளர்ந்ததுமே காரணம் என்று தெளிவாயிற்று.

ஆனால் சேவைக்கு வருமுன் இந்த விமானம் சோதிக்கப்படாமல் இல்லை. கூடத்தின் ஒரு பகுதியைத் தயாரிப்பாளர்கள் 16,000 சுற்றுகளுக்கும் மேலாகச் சோதித்திருந்தனர், அது தாங்கிற்று. சோதனையில் அத்தனை தாங்கியது, வானில் ஆயிரம் பயணங்களையொட்டி முறிந்தது ஏன்? சோதனைக்குட்பட்ட அப்பகுதி, அயர்வுச் சோதனைக்கு முன்னரே, வலிமையைப் பார்ப்பதற்காக இயக்க அழுத்தத்தின் ஏறக்குறைய இருமடங்கு வரை அழுத்தப்பட்டிருந்தது. அந்தப் பெரும் பாரம் மூலைகளிலுள்ள உலோகத்தை நிரந்தரமாக நீட்டிவிட்டது. அதன் பயனாகப் பின்னர் வந்த சிறு பாரங்களின் தீங்கு வெகுவாகக் குறைந்தது. பெரும் பாரம் அங்கே கேடு செய்யவில்லை; காப்பு அளித்தது. பறந்த விமானங்களுக்கோ அத்தகைய காப்பு கிடைக்கவில்லை. சோதனை பொய் கூறவில்லை. ஆனால் அது வேறு வரிசையில் பாரம் கண்ட பொருளைப் பற்றியே கூறிற்று.

நுனியில் நிகழ்வது யாது?

விரிசலின் நுனியில் தகைவு மிகுதியாக இருப்பதால், நுனியைச் சூழ்ந்த சிறு பகுதி மீள முடியாதபடி நீண்டுவிடுகிறது. பாரம் நீங்கும்போது, அதனைச் சுற்றியுள்ள மீள்தன்மையுடைய பெரும்பகுதி பழைய அளவுக்குத் திரும்ப முயன்று, நீண்டுபோன சிறுபகுதியை நெருக்குகிறது. இதனால் நுனியில் ஓர் அமுக்கத் தகைவு எஞ்சி நிற்கிறது. பெரும் பாரம் வந்துபோனபின் இந்த நெருக்கப் பகுதி பெரிதாக இருக்கும். பின்னர் வரும் சிறு பாரங்களின் இழுவிசையில் ஒரு பகுதி இந்நெருக்கத்தை நீக்குவதிலேயே செலவாகிவிடும். விரிசல் அப்பகுதியைக் கடக்கும்வரை மெல்லவே ஊரும். சில வேளைகளில் முற்றிலும் நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் பெரும் இழுவைக்குப்பின் பெரும் அமுக்கம் வந்தால், இக்காப்பின் பெரும்பகுதி போய்விடும். ஆகவே பெரும் பாரத்தை மருந்தாகக் கருதுவது தவறு. விரிசல் அபாய நீளத்தை நெருங்கியிருந்தால், அதே பெரும் பாரம் ஒரே அடியில் உறுப்பை முறித்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த உல்ஃப் எல்பர், 1960-களின் இறுதியில் மற்றோர் உண்மையைக் கண்டார். இழுவிசை இன்னும் மீதியிருக்கும்போதே விரிசலின் இரு முகங்களும் நுனியருகே ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்கின்றன. விரிசல் வளர்ந்துவந்த வழியில் நீண்டுபோன உலோகம் இடைவெளியை அடைத்துக்கொள்வதே காரணம். எனவே பாரத்தின் வீச்சு முழுவதும் விரிசலை வளர்ப்பதில்லை. விரிசல் திறந்திருக்கும் பகுதி மட்டுமே வளர்க்கிறது. இத்தகைய கருத்துகளை அடியொற்றி, பெரும் பாரத்திற்குப்பின் வளர்ச்சியை எவ்வளவு குறைத்துக் கணக்கிடலாம் என்பதற்கு 1971-ல் வில்லன்போர்க்கும், 1972-ல் வீலரும் சூத்திரங்கள் தந்தனர். இச்சூத்திரங்களைக் கையாள்வதற்குக் கணிப்பொறி இன்றியமையாதது. ஒவ்வொரு சுற்றாக எடுத்து, முன் வந்த பாரங்களின் விளைவை நினைவிற்கொண்டு, விரிசலைச் சிறிது சிறிதாக அது வளர்த்துக் காட்டுகிறது.

பெங்களூரில் நடந்த ஆராய்ச்சி

இத்துறையில் நம் நாட்டின் பங்கு பெரும்பாலும் பெங்களூரைச் சார்ந்தது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தேசிய வானூர்தி ஆய்வுச்சாலை 1959-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் டில்லியில் தொடங்கப்பட்டு, 1960-ல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. பி. நீலகண்டன் அதன் முதல் இயக்குநர். லிங்கராஜபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜயமஹால் அரண்மனையின் குதிரை லாயங்களே அதன் முதல் இருப்பிடமாயின. 1993-ல் விண்வெளித் துறையையும் உள்ளடக்கி அதன் பெயர் மாற்றப்பட்டது. விமான அமைப்புகளை முழு அளவிலேயே நிறுத்தி, பறக்கும்போது வரும் பாரங்களை நீர்மவிசைக் கருவிகளால் மீண்டும் மீண்டும் ஏற்றிச் சோதிக்கும் வசதி அங்கே உண்டு. ஒரு விமானம் பல்லாண்டுகளில் காணும் பாரங்களைச் சில மாதங்களில் அங்கே காட்டிவிடலாம். எத்தனை மணி நேரம் வரை ஒரு விமானத்தைப் பறக்கவிடலாம் என்ற முடிவுக்கு இத்தகைய சோதனைகளே ஆதாரம்.

அந்த ஆய்வுச்சாலையில் பணிபுரிந்த ஆர். சுந்தர், கலந்து வரும் பாரங்களின் கீழ் விரிசல் வளர்வதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். விரிசல் எந்தப் பாரத்தில் மூடிக்கொள்கிறது என்பதை வெளியிலிருந்து அளப்பது கடினம். எனவே அதனை முறிவு முகத்திலுள்ள நுண்வரிகளிலிருந்தே படித்தறியும் வழி அங்கே கையாளப்பட்டது. உச்ச பாரத்தை மாற்றாமல், கீழ்ப் பாரத்தை மட்டும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவர். வீச்சு கூடுவதால் வரிகள் வரவர அகலமாகும். விரிசல் மூடிக்கொள்ளும் பாரத்திற்குக் கீழே சென்றபின் எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. வரிகள் சம அகலமாகவே நிற்கும். அகலம் கூடுவது நின்ற இடமே மூடும் பாரம். உலோகம் தானே எழுதிவைத்த பதிவை வாசிக்கும் இம்முறை எளிமையும் நுட்பமும் ஒருங்கே வாய்ந்தது.

பின்னாளில் சுந்தரும் உடன் பணியாற்றியோரும் காற்றின் பங்கையும் ஆராய்ந்தனர். விரிசல் நுனியில் புதிதாகத் திறக்கும் உலோகத்தைக் காற்றும் ஈரமும் தீண்டுவதால் அது நொறுங்கும் தன்மை அடைகிறது. நுனியில் எஞ்சி நிற்கும் தகைவு இந்தத் தீண்டலின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. உயர்ந்த வெற்றிடத்தில் சோதித்தபோது, மெல்ல வளரும் விரிசல்களில் பாரவரிசையின் விளைவு பெரிதும் மங்கிற்று. பாரவரிசைக்கு எக்காரணம் எவ்வளவு பொறுப்பு என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும், சுற்றுப்புறத்தை ஒதுக்கிவிட்டு விரிசலைக் கணிக்க இயலாது என்பதில் ஐயமில்லை. ஈரமும் உப்பும் மிகுந்த நம் கடற்கரைப் பகுதிகளில் உள்ள உருக்கு அமைப்புகளுக்கு, உள்நாட்டில் அளந்த வளர்ச்சி வேகத்தை அப்படியே கொள்வது ஆபத்தாகும்.

கணிப்பின் எல்லை

எல்லாக் காரணங்களையும் கருத்திற்கொண்டாலும், கணிப்பு ஒரே எண்ணாக அமையாது. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விர்க்லர் முதலியோர், ஒரே அலுமினியக் கலப்புலோகத்தில் ஒரே அளவாகச் செய்த 68 தகடுகளில், ஒரே சீரான பாரத்தில் விரிசல் வளர்ச்சியை அளந்தனர். அத்தனை கவனத்திற்குப் பின்னும் தகடுகளின் ஆயுள் ஒன்றுபோல் இல்லை. சீரான பாரத்திலேயே இவ்வேறுபாடு எனில், கலந்து வரும் பாரத்தில் இன்னும் மிகுதி என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆதலால் கணித்த ஆயுளை அப்படியே நம்பாமல், அதனைத் தக்க பாதுகாப்பு எண்ணால் வகுத்து, முறிவு நேருமுன் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்வையிட இடமிருக்குமாறு நாட்களை வகுத்துக்கொள்வர்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனை மாணவர்களுக்குச் சிறு செலவில் காட்டலாம். ஒரே பெட்டியிலுள்ள ஜெம் கிளிப்புகள் முப்பது போதும். பத்துக் கிளிப்புகளைச் செங்கோண அளவுக்கு முன்னும் பின்னும் வளைத்து, ஒவ்வொன்றும் எத்தனையாவது வளைவில் ஒடிகிறது என்று எழுதச் செய்யவும். அடுத்த பத்தை அதில் பாதிக் கோணத்திற்கு வளைக்கவும். கோணம் பாதியாகும்போது எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறது என்பதும், ஒரே வகைக் கிளிப்புகளே எவ்வளவு வேறுபடுகின்றன என்பதும் விளங்கும். கடைசிப் பத்தில் ஒவ்வொன்றையும், பெருங்கோணத்தின் சராசரி எண்ணிக்கையில் பாதியளவு பெருங்கோணத்திலும், பின்னர் ஒடியும்வரை சிறுகோணத்திலும் வளைக்கவும். மைனரின் விதிப்படி சிறுகோண ஆயுளில் பாதி எஞ்ச வேண்டும். கணக்கும் கண்டதும் எவ்வளவு ஒத்துள்ளன என்று மாணவர்களே ஒப்பிடட்டும். ஒடிந்த முனைகள் கூரியவை. கண்களைக் காத்துக்கொள்ளுமாறு முன்னரே எச்சரிப்பது அவசியம்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

கணிப்பு ஆய்வுச்சாலையில் நடைபெறுகிறது. அதற்கு வேண்டிய செய்தியோ களத்திலிருந்தே வருகிறது. விரிசலைக் கண்டால் அதன் இரு நுனிகளையும் குறியிட்டு, நீளத்தையும் தேதியையும் எழுதி வைத்தல் வேண்டும். ஒரே ஒரு அளவு, விரிசல் இருக்கிறது என்பதை மட்டுமே கூறும். இரண்டு தேதிகளில் எடுத்த இரண்டு அளவுகளே அதன் வேகத்தைக் கூறும். சென்ற முறை அளந்தபோது இருந்ததைவிட வளரவில்லை என்பதும் எழுதத்தக்க செய்தியே.

வழக்கத்திற்கு மாறான பாரம் எதுவாயினும் அதனைக் குறித்து வைப்பது கடமையாகும். அளவுக்கு மீறிய பளுவுடன் சென்ற வண்டி, மோதல், தடம் புரளல், கடுமையாகத் தரையிறங்கிய விமானம் ஆகியவை விரிசலின் வேகத்தை மாற்றக்கூடியவை. பெரும் பாரத்திற்குப்பின் விரிசல் சில காலம் அசையாதிருப்பதைக் கண்டு, ஆபத்து நீங்கிற்று என்று முடிவு செய்துவிடலாகாது. நெருக்கப் பகுதியைக் கடந்தபின் அது பழைய வேகத்தை அடையும்.

விரிசலின் நுனியில் துளையிட்டு அதன் கூர்மையை நீக்குவது பயனுள்ள தற்காலிக வழி. நுனி துளைக்குள் அகப்பட்டதா என்று சோதித்தறியாவிடில் அதனால் பயனில்லை. விரிசலை முழுதும் அகற்றாமல் மேலே பற்றவைத்து மூடுவது, குறையை மறைத்துப் புதிய விரிசலுக்கு வித்திடுவதாகும். வண்ணப்பூச்சில் ஓடும் துருக்கோடு, தளர்ந்த தறையாணி, பற்றவைப்பின் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு ஆகியவற்றை அலட்சியம் செய்யலாகாது. கண்ணுக்குத் தெரியாத உள்விரிசல்களுக்குக் கேளா ஒலிச் சோதனை இந்திய ரயில்வேயில் தண்டவாளங்களுக்கு முறையாக நடைபெறுகிறது. அச்சோதனைகளுக்கு இடைப்பட்ட நாட்களில், பாதையில் நாள்தோறும் நடந்து பார்க்கும் கீமேனின் கண்களே காவல்.

விரிசல் இன்ன நாளில் முறிவில் முடியும் என்று எந்தச் சூத்திரமும் சோதிடம் கூறுவதில்லை. அடுத்த முறை பார்வையிடுவதற்கு உரிய கடைசி நாள் எது என்பதையே அது கூறுகிறது. அந்நாளுக்கு முன் ஒருவர் விளக்கும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு சென்று, விரிசலை அளந்து, கண்டதை உள்ளபடி எழுதினாலன்றி, கணக்கினால் பயன் இல்லை.